உட்கதவில் அடித்த கிளாஸ் எனாமல் நகம் பட்டாலே உரிகிறது: எங்கே தவறினேன்?

சாளரம்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் உள் அறைகளில் இருக்கும் ஆறு மரக்கதவுகளுக்கும் நானே வெள்ளை பெயின்ட் அடிப்பதென்று முடிவு செய்து, முதல் கதவை மூன்று வாரங்களுக்கு முன் முடித்தேன். எல்லாமே நான்கு பலகைகள் பதித்த பழைய கதவுகள். அவற்றின் மேல் ஏற்கெனவே இருந்த வெள்ளைப் பூச்சு மஞ்சளேறியிருந்தாலும் பளபளப்புக் குறையாமல் இருந்தது. ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, தண்ணீரில் கலக்கும் கிளாஸ் எனாமலை நேரடியாக இரண்டு கோட் அடித்தேன். முதல் சில நாள்கள் பார்க்க மிக அழகாக இருந்தது. இப்போது கைப்பிடியைச் சுற்றி நகம் பட்ட இடங்களில் பிளாஸ்டிக் தாளைப் போலப் பெயின்ட் உரிந்து வருகிறது. அடியிலுள்ள பழைய பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. சாத்திய கதவைத் திறக்கும்போது அது நிலையோடு ஒட்டிக்கொண்டு ‘சர்’ரென்ற ஒலியுடன் பிரிகிறது. மேற்பலகையில் மரக்கணு இருக்கும் இடத்தில் பழுப்பு வட்டம் ஒன்றும் தோன்றியிருக்கிறது. பெயின்ட் மட்டமானதா, நான் செய்த முறை தவறா? மீதமுள்ள ஐந்து கதவுகளைத் தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய தூரிகை:

வணக்கம். விடை தங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புதிய பெயின்ட் தாளாக உரிந்து, அடியிலுள்ளது அப்படியே நிற்கிறது என்றால், புதியது எதையும் பிடித்துக்கொள்ளவே இல்லை என்று பொருள். பளபளக்கும் பரப்பின் மேல் எதை அடித்தாலும் அது படிந்து கிடக்குமே தவிரப் பற்றாது. உப்புத்தாள் போட்டு அந்தப் பளபளப்பைச் சாகடித்த பிறகுதான் டப்பாவின் மூடியைத் திறக்க வேண்டும் என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் பாடம். முப்பது ஆண்டுகளில் அதற்கு ஒரு விலக்கையும் நான் கண்டதில்லை.

அடுத்தது கை அழுக்கு. கைப்பிடியைச் சுற்றித்தான் முதலில் உரிகிறது என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளங்கை பட்ட இடத்தில் எண்ணெய்ப்பசை ஏறியிருக்கும்; ஈரத்துணி அதை எடுப்பதற்குப் பதிலாக நாலாபுறமும் பரப்பிவிடும். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை அணிந்து கழுவி, நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் உப்புத்தாள் அந்தப் பசையைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். அதன்பின் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியேறாது.

பழைய பூச்சு எண்ணெய் எனாமலாக இருக்க வேண்டும் என்பதை அது மஞ்சளேறியதை வைத்துச் சொல்கிறேன். ஐயமிருந்தால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கதவின் மறைவான மூலையில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பரப்பு பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீர் பெயின்ட். ஒன்றும் ஆகாவிட்டால் எண்ணெய் எனாமல்.

இழைப்புளி:

தச்சு வேலை செய்பவன் என்ற முறையில் கணுவைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். தாங்கள் காணும் பழுப்பு வட்டம் அழுக்கு அன்று; மரத்தின் பிசின். தேவதாரு, பைன் போன்ற மரங்களின் கணுக்களில் பிசின் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். சற்று வெப்பம் கிடைத்தால் மேலே வரும். அதன் மேல் பத்துக் கோட் வெள்ளை அடித்தாலும் பத்தையும் கடந்து தலைகாட்டும். அதை நிறுத்துவதற்கு அரக்குதான் நம்பிக்கையான வழி. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணுவின் மேல் மெல்லியதாக இருமுறை, கணுவின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வரை பூசி, காய்ந்ததும் அதன் மேல் பிரைமர், அதாவது பெயின்ட் பற்றுவதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, அடிக்க வேண்டும். ஆனால் அரக்கு வெறும் மரத்தின் மேல் நேரடியாக உட்கார வேண்டும். ஆகவே கணு இருக்கும் இடத்தில் மட்டும் பழைய பூச்சை மரம் தெரியும்வரை எடுத்துவிடுங்கள்.

நிலையோடு ஒட்டுவதற்குப் பெயின்டோடு இடைவெளியும் காரணமாக இருக்கலாம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் கதவின் விளிம்பிலும் நிலையிலும் படலம் சேர்ந்துகொண்டே போகிறது. நான்கைந்து முறை அடித்த வீடுகளில் அந்த இடைவெளி காணாமல் போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தடித்த அட்டையைச் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். இறுகும் இடத்தில் விளிம்பை இழைத்துவிட்டுத்தான் பெயின்டைப் பற்றிப் பேச வேண்டும்.

வேதிக்கண்:

மேலே இருவரும் சொன்னதன் காரணங்களை விளக்க முயல்கிறேன். வகுப்பறை வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டில் நிறமித்தூளும் அதைப் பிணைக்கும் பிசின் பொருளும் இருக்கின்றன. மங்கலான சுவர்ப் பெயின்டில் தூள் மிகுதி; அது மேற்பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்களாகத் துருத்தி நிற்பதால் ஒளி சிதறுகிறது, குறைகள் மறைகின்றன. கிளாஸ் பெயின்டில் தூளின் கன அளவு காய்ந்த படலத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடுதான். தூள் முழுதும் பிணைப்பானுக்குள் மூழ்கி, மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடுகிறது, பளபளப்பு அதனால்தான். அதே காரணத்தால் இரண்டு விளைவுகள் தவிர்க்க முடியாதவை ஆகின்றன. கிளாஸ் பெயின்ட் அடியிலுள்ள நிறத்தை அவ்வளவாக மறைக்காது. அடியிலுள்ள ஒவ்வொரு கீறலையும் பள்ளத்தையும் கண்ணாடி போலப் பிடித்துக் காட்டும். அண்டர்கோட் என்று தனியாக ஒன்று இருப்பது இதற்காகத்தான். அதில் தூள் அதிகம். நிறத்தை மறைக்கும் வேலையையும், உப்புத்தாளுக்கு வளைந்துகொடுத்துச் சமமாகும் வேலையையும் அது எடுத்துக்கொள்கிறது.

எண்ணெய் எனாமல் காய்வதும் தண்ணீர் எனாமல் காய்வதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். முன்னதில் டர்பன்டைன் ஆவியான பிறகு, எண்ணெய் கலந்த பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ஒளிபடாத இடத்தில் அந்தப் படலம் மஞ்சளாகும். அலமாரியின் நிழலில் இருக்கும் கதவு, சாளரத்தருகே இருக்கும் கதவைவிட விரைவில் மஞ்சளேறுவது இதனால்தான். தண்ணீர் எனாமலிலோ, தண்ணீர் வெளியேறியதும் நுண்ணிய அக்ரிலிக் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிப் படலமாகின்றன. தொட்டால் ஒட்டாத நிலை ஓரிரு மணி நேரத்தில் வந்துவிடும். முழுமையாக இறுகுவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் இரண்டு புதிய படலங்களை அழுத்தத்தில் சேர்த்து வைத்தால் அவை ஒன்றாகிவிட முயலும். தங்கள் கதவு நிலையோடு ஒட்டுவது அதுதான்; கோட் தடிப்பாக இருந்தால் இன்னும் நாள் பிடிக்கும்.

பழைய தூரிகை:

வேதிக்கண் ஐயா சொன்னதைக் கைவேலைக்காரன் மொழியில் சொன்னால், நான்கு நாள் வேலையில் மூன்று நாள் பெயின்ட் டப்பாவைத் தொடாமலே போக வேண்டும். எண்ணெயோடு எண்ணெயாகவே போய்விடுங்கள் என்பது என் கருத்து: எண்ணெய் அண்டர்கோட், எண்ணெய் கிளாஸ். அந்தப் பளபளப்பும், பிரஷ் கோடுகள் தாமாகவே கரைந்து சமமாவதும் தண்ணீர் பெயின்டில் வராது.

மெல்லிய பூச்சு:

ஐயா மன்னிக்க வேண்டும். இதில் நான் மாறுபடுகிறேன். சாளரம் அடித்தது வெள்ளை. எண்ணெய் வெள்ளையை அடித்தால் சில ஆண்டுகளில் மீண்டும் இதே மஞ்சளுக்குத்தான் வந்து சேர்வார். ஆறு கதவுகளும் வீட்டுக்குள்ளேயே இருப்பவை. ஆள்கள் புழங்கும் அறைகளில் எண்ணெய் எனாமலின் வாடையை நாள்கணக்கில் சகித்துக்கொள்ள வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 16 முதல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் எனாமலில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும். அவருடைய பிழை பெயின்டின் வகையில் இல்லை; நடுவே பிரைமர் இல்லாமல் போனதில்தான் இருக்கிறது. பழைய எண்ணெய்ப் பூச்சை 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) மங்கலாக்கி, வழுவழுப்பான பரப்புகளுக்கென்றே விற்கப்படும் ஒட்டுப் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டால், அதன் மேல் தண்ணீர் எனாமல் உறுதியாக நிற்கும். என் வீட்டுக் கதவுகள் எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கின்றன. வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

பழைய தூரிகை:

மஞ்சளைப் பற்றித் தாங்கள் சொல்வதை மறுக்க முடியாது. வெள்ளைக்குத் தண்ணீர் எனாமல், அடர் நிறங்களுக்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் நமக்குள் சண்டையில்லை. ஆனால் அந்த ஒட்டுப் பிரைமரை நம்பி உப்புத்தாளைக் கைவிடுவோரைப் பார்த்திருக்கிறேன். சாளரம் அவர்களோடு சேர்ந்துவிடக் கூடாது.

சாளரம்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பிரிட் சோதனையைச் செய்தேன். அடியிலுள்ளது எண்ணெய் எனாமல்தான், பஞ்சில் ஒன்றும் வரவில்லை. இரண்டு ஐயங்கள். நான் அடித்த புதிய பூச்சை முழுதும் எடுக்க வேண்டுமா, உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா? வீடு மிகப் பழையது என்பதால், அடியிலுள்ள பழைய பூச்சைத் தேய்ப்பதில் ஆபத்து ஏதேனும் உண்டா?

வேதிக்கண்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தங்கள் இழையில் இதுவரை யாரும் கேட்காத, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பழைய எண்ணெய் பெயின்ட்களில் ஈயச் சேர்மங்கள் நிறமியாகவும், விரைந்து காயவைக்கும் பொருளாகவும் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் அதைத் தடை செய்ததே 1978-இல்தான். பல நாடுகளில் அதற்கும் பின்பு. இன்று பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது உலக அளவில் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஈயத்தூள் மிகச் சிறு அளவிலேயே குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கதவு எத்தனை பழையது என்பது தெரியாவிட்டால், ஒரு சிறு சில்லை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஈயம் இருப்பது தெரிந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வெப்பத் துப்பாக்கியும் தீச்சுடரும் கூடவே கூடாது. பூச்சு உறுதியாக இருந்தால், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் மேற்பரப்பை மட்டும் மங்கலாக்கி, வரும் சேற்றைத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். அளவு அதிகமென்றால் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

பழைய தூரிகை:

முதல் கேள்விக்கு: முழுதும் எடுத்துவிடுங்கள். ஓரிடத்தில் பிடிக்காத பெயின்ட் மற்ற இடங்களில் பிடித்திருக்கும் என்று எண்ணுவது ஆசை மட்டுமே. அதை உப்புத்தாளால் எடுக்க முயலாதீர்கள். தண்ணீர் எனாமல் தேய்க்கும் சூட்டில் இளகி, தாளின் மணல் இடுக்குகளை அடைத்துவிடும், பத்துத் தாள் தீர்ந்தும் கதவு அப்படியே இருக்கும். முனை மழுங்கிய சுரண்டியைத் தட்டையாகப் பிடித்துத் தள்ளினால், பற்று இல்லாத பூச்சு தானே எழுந்து வரும். தவறு இந்த ஒரு விதத்தில் மட்டும் தங்களுக்கு உதவுகிறது.

ஆய்வு முடிவு நல்லபடியாக வந்தால் வேலையின் வரிசையைச் சொல்கிறேன். கைப்பிடி, பூட்டுத் தகடு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அவற்றைச் சுற்றி வளைத்து அடித்த பெயின்ட் என்றைக்கும் அரைகுறையாகவே தெரியும். கழுவி உலர்த்தியபின் 120 எண் தாளால் மரத்தின் ரேகை போகும் திசையில் தேயுங்கள். விளிம்பு வேலைப்பாடுகளின் குழிவுகளில் தாளை மடித்து விரலால் தேய்க்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், அங்கேதான் முதலில் உரியும். பள்ளங்களுக்குப் பட்டி பாருங்கள். பட்டி காயும்போது சுருங்கும் என்பதால், ஆழமான பள்ளத்தை ஒரே முறையில் நிரப்பாமல் இரண்டு மூன்று முறையாகச் சற்று மேடாகவே நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்குங்கள். பட்டி வைத்த இடத்தில் பிரைமர் வைக்காமல் கிளாஸ் அடித்தால், பட்டி பிணைப்பானை உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் மட்டும் மங்கித் திட்டாகத் தெரியும். பிரைமருக்குப் பிறகு 220 அல்லது 240 எண் தாள், இரண்டு கிளாஸ் கோட்டுகளுக்கு நடுவே 320. ஒவ்வொரு முறையும் கைவிளக்கைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இழைப்புளி:

ஒன்றை விட்டுவிட்டீர்கள் ஐயா. கதவின் தலை விளிம்பும் அடி விளிம்பும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவற்றை யாரும் பூசுவதில்லை. இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுனை, அதாவது மரம் குறுக்கே அறுபட்ட முனை, அங்கே திறந்திருக்கிறது. மரம் ஈரத்தைக் குடிப்பது பெரும்பாலும் அந்த வெட்டுமுனை வழியாகத்தான். இரு முகமும் அடைத்து, மேலும் கீழும் திறந்துவிட்ட கதவு மழைக்காலத்தில் உப்பும், பிறகு முறுக்கிக்கொள்ளும். கதவைக் கீலிலிருந்து கழற்றும்போதே அந்த இரண்டையும் பிரைமரால் அடைத்துவிடுங்கள்.

மெல்லிய பூச்சு:

கழற்றிய கதவைக் கிடைமட்டமாக வைத்து அடித்தால் பெயின்ட் வழியாது; ஆனால் தூசி வந்து உட்காரும், ஒரு முகம் காயும்வரை மறுமுகத்தைத் தொட முடியாது. இதற்கு ஒரு எளிய வழி: தலை விளிம்பில் இரண்டு, அடி விளிம்பில் இரண்டு என நீளமான திருகாணிகளைப் பாதி நீளம் வெளியே இருக்கும்படி முடுக்கி, அவற்றை இரு முக்காலிகளின் மேல் தாங்கவிட்டால், ஒரு முகத்தை அடித்த கையோடு இருவராகப் பிடித்துத் திருப்பி மறுமுகத்தையும் அடித்துவிடலாம்.

பெயின்டை டப்பாவிலிருந்து நேரடியாகத் தொட்டு அடிக்காதீர்கள். தேவையான அளவை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி வேறொரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டால், பிரஷ் கொண்டுவரும் தூசி டப்பாவுக்குள் போகாது. அளவு எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கதவு இரு முகமும் விளிம்புகளும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரைச் சதுர மீட்டர். ஒரு லிட்டர் கிளாஸ் 12 முதல் 16 சதுர மீட்டர் வரை வரும் என்பதால், ஒரு கதவுக்கு இரண்டு கோட்டுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் செலவானால் தடிப்பாக அடிக்கிறீர்கள் என்று பொருள்.

சாளரம்:

கதவின் எந்தப் பகுதியை முதலில் அடிப்பது? முதல் கதவில் மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் அடித்தேன். சட்டங்கள் சேரும் இடமெல்லாம் கோடு கோடாக இருக்கிறது.

பழைய தூரிகை:

ஈரமாக இருக்கும் ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதி அதோடு சேர வேண்டும். வரிசை முழுவதும் அதற்காக ஏற்பட்டதுதான். ஒரு அங்குல பிரஷ்ஷால் முதலில் பலகைகளைச் சுற்றியுள்ள வேலைப்பாட்டை அடித்து, உடனே அந்தப் பலகையை முடித்துவிடுங்கள். நான்கு பலகைகளும் முடிந்தபின் நடுவிலுள்ள செங்குத்துச் சட்டம், அடுத்து குறுக்குச் சட்டங்கள் மேலிருந்து கீழாக, கடைசியாக இரு பக்கத்து நெடுஞ்சட்டங்கள், பிறகு விளிம்பு. குறுக்குச் சட்டத்தை அடிக்கும்போது பிரஷ் சற்றே நெடுஞ்சட்டத்துக்குள் ஏறும். நெடுஞ்சட்டத்தை அடிக்கும்போது அந்த இழுப்பு அதை வெட்டி நேராக்கிவிடும், மரம் சேரும் கோட்டிலேயே பெயின்டும் சேரும்.

பிரஷ் மயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நனைக்காதீர்கள். பெயின்டை வைத்து, குறுக்கே பரப்பி, பிறகு ஏறத்தாழ உலர்ந்த பிரஷ்ஷின் நுனியால் அழுத்தமே இல்லாமல் ஒரே நீள இழுப்பாக இழுத்து விட்டுவிட வேண்டும். விட்டபின் திரும்பிப் பார்க்கலாம், தொடக் கூடாது. அதிலும் தண்ணீர் எனாமல் சில நிமிடங்களில் இழுபடத் தொடங்கிவிடும். அதற்குச் செயற்கை இழை பிரஷ்தான் ஏற்றது. பன்றி மயிர் தண்ணீரைக் குடித்து விறைப்பை இழந்து விரிந்துவிடும். அதை எண்ணெய் எனாமலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேதிக்கண்:

அடர் நிறம் வேண்டுமென்று எண்ணெய் எனாமல் அடிக்கப்போகிறவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஓர் எச்சரிக்கை. எண்ணெய் எனாமலும் ஆளிவிதை எண்ணெயும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனை ஏற்கும்போது வெளியாகும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் சேர்ந்து, தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் உலர்த்துங்கள். இல்லையேல் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

சாளரம்:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆய்வக முடிவில் ஈயம் வரம்புக்குக் கீழேயே இருந்தது. முதல் கதவின் புதிய பூச்சு சுரண்டியில் பழத்தோல் போல அரை நாளில் வந்துவிட்டது. கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் பட்டிக்கும்தான் மூன்று நாள் ஆயிற்று. கணுவுக்கு அரக்கு, முழுக் கதவுக்கும் ஒட்டுப் பிரைமர், மேலே தண்ணீர் எனாமல் இரண்டு கோட். நிலையின் ஓர் ஓரத்தில் அட்டை நுழையவில்லை, இழைத்துவிட்டேன். இரவில் கதவைச் சாத்தாமல் இரண்டு வாரம் பொறுத்திருந்தேன். நேற்று நகத்தால் வேண்டுமென்றே கீறினேன், உரியவில்லை. கீழ்ப்பலகையின் வேலைப்பாட்டு மூலையில் மட்டும் பெயின்ட் வழிந்து இரண்டு சொட்டுகளாக உறைந்திருக்கிறது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அடுத்த கதவின் ஒரு முகம் சாம்பல் நிறத்திலும் மறுமுகம் வெள்ளையாகவும் இருக்க வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள். விளிம்புகளுக்கு எந்த நிறம் அடிப்பது?

பழைய தூரிகை:

மகிழ்ச்சி. சொட்டு முழுதும் இறுகட்டும்; உள்ளே ஈரம் இருக்கும்போது தொட்டால் தோல் கிழிந்து குழியாகிவிடும். இன்னும் ஒரு வாரம் கழித்து, புதிய சவர பிளேடைத் தட்டையாகப் பிடித்து மேட்டை மட்டும் சீவி, 320 எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அந்தப் பலகைக்கு மட்டும் ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். மூலைகளில் பெயின்ட் எப்போதும் தேங்கும்; அடித்த பத்தாவது நொடியில் உலர்ந்த பிரஷ்ஷின் நுனியால் ஒருமுறை மூலைகளை உறிஞ்சி எடுத்துவிட்டால் அடுத்த கதவில் இது வராது.

இழைப்புளி:

விளிம்பின் நிறத்துக்குக் கணக்கு எளியது. கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ, பூட்டு இருக்கும் விளிம்பு திறந்த நிலையில் அந்த அறையிலிருந்து தெரியும். ஆகவே அதற்கு அந்த அறையின் நிறம். கீல் இருக்கும் விளிம்பு மறுபுற அறையிலிருந்துதான் தெரியும். அதற்கு மறுபுறத்தின் நிறம். கதவைக் கழற்றுவதற்கு முன்பே பாதி திறந்து வைத்து, இரு அறைகளிலும் நின்று பார்த்து, விளிம்பில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முக்காலியின் மேல் படுக்கவைத்த பிறகு எது எந்தப் பக்கம் என்பது எனக்கே குழம்பியிருக்கிறது.